பிரீன் குடும்பத்தைக் கரை சேர்த்தது புத்திதான்!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் இருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

"பேட்ரிக் பிரீன் குடும்பத்தைக் கரை சேர்த்தது பக்தியா, புத்தியா?" இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய ஐயா, ஒன்பது பேர் பனிமலையில் மாட்டி ஒன்பது பேரும் உயிரோடு இறங்கினார்களே, தெய்வம் இல்லாமல் இது நடக்குமா என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கிவிட்டார். கைதட்டல் அவருக்கே இருக்கட்டும், கணக்கை மட்டும் நான் கொஞ்சம் பார்க்கிறேன்.

பேட்ரிக் பிரீன் அயர்லாந்தின் கார்லோ பகுதியில் பிறந்தவர். அங்கிருந்து கனடா, அப்புறம் அமெரிக்காவின் அயோவா. 1846 வசந்தத்தில் மனைவி மார்கரெட்டையும் ஏழு பிள்ளைகளையும் மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு கலிபோர்னியாவுக்குப் புறப்பட்டார். வயது ஐம்பதைத் தொட்டாயிற்று. மூத்தவன் ஜானுக்கு 14, கடைக்குட்டி இசபெல்லா கைக்குழந்தை. வழியில், அதே கலிபோர்னியாவுக்குப் போய்க்கொண்டிருந்த டோனர் கூட்டத்தோடு சேர்ந்தார்கள். மொத்தம் 87 பேர். ஹேஸ்டிங்ஸ் என்பவர் சொன்ன குறுக்குவழியை நம்பி வாரக்கணக்கில் காலத்தைத் தொலைத்து, சியரா நெவாடா மலையில் ட்ரக்கீ ஏரிக்கரையை எட்டியபோது பனி வழியை அடைத்துவிட்டது. கூட்டத்தில் ஏறத்தாழப் பாதிப் பேர் செத்துப்போனார்கள். பிரீன் வீட்டில் ஒருவரும் சாகவில்லை.

அவர் பக்தரா? சந்தேகமே இல்லை. தீவிரக் கத்தோலிக்கர். அந்தக் குடிசையில் முப்பது நாள் ஜெபம் தொடங்கினார். பைன் குச்சியைக் கொளுத்திப் பிடித்துக்கொண்டு அவர் ஜெபம் வாசிப்பதைக் கேட்டு, கூடத் தங்கியிருந்த வர்ஜீனியா ரீட் என்ற சிறுமி, பிழைத்தால் நானும் கத்தோலிக்கர் ஆகிறேன் என்று நேர்ந்துகொண்டாள், பிறகு ஆனாள். இதையெல்லாம் ஐயா உருகிச் சொன்னார். நானும் உருகினேன். ஆனால் அதே பிரீன் எழுதி வைத்த நாட்குறிப்பு இருக்கிறதே, அதை ஐயா புரட்டவில்லை. நான் புரட்டுகிறேன்.

1846 நவம்பர் 20 அன்று தொடங்கி 1847 மார்ச் 1 வரை அவர் எழுதியது அது. இன்று பெர்க்லியில் பேங்க்ராஃப்ட் நூலகத்தில் இருக்கிறது. முதல் நாள் பதிவிலேயே என்ன சொல்கிறார்? வசந்தம் வரை இங்கேதான் இருக்க வேண்டும், அதனால் மாடுகளில் பெரும்பகுதியைக் கொன்றுவிட்டோம், ரொட்டியும் உப்பும் இல்லாமல் மெலிந்த இறைச்சியைத் தின்று காலம் தள்ள வேண்டும் என்கிறார். நடுவர் அவர்களே, மற்றவர்கள் என்ன செய்தார்கள்? பலர் இன்றைக்கு வழி திறக்கும், நாளைக்குத் திறக்கும் என்று மாடுகளை வெளியே விட்டு வைத்தார்கள். புயல் வந்து மாடுகளை மூடிவிட்டது. கம்பால் பனியைக் குத்திக் குத்தித் தேடியும் பல கிடைக்கவில்லை. பிரீன் வீட்டு மாடு இறைச்சியாகக் குடிசைக்குள் இருந்தது. மாட்டை எப்போது அறுக்க வேண்டும் என்று ஜெபப் புத்தகத்தில் இல்லையே ஐயா!

இன்னொன்று, குடிசை. இரண்டு வருடம் முன்பு அந்த வழியாக வந்த வேறொரு கூட்டம் கட்டிவிட்டுப் போனது. ஏரிக்கரையில் அப்போது இருந்த ஆயத்தக் குடிசை அது ஒன்றுதான். முதலில் அதில் குடியேறியவர்கள் பிரீன் குடும்பத்தார்.

நாட்குறிப்பில் கடவுள் வருகிறார், மறுக்கவில்லை. ஆனால் எத்தனை நாள் வருகிறார்? காற்று எந்தத் திசை, பனி எவ்வளவு, விறகு வெட்ட முடிந்ததா, இதுதான் ஏறக்குறைய தினமும் வருகிறது. பிப்ரவரி கடைசியில் ஒரு பதிவு எனக்கு மிகவும் பிடித்தது. தனியாக ஒரு செவ்விந்தியர் முதுகில் பெரிய மூட்டையோடு அந்த வழியே போனார், ஐந்தாறு கிழங்கு கொடுத்தார், பார்க்க வெங்காயம் மாதிரி, ருசி கொஞ்சம் சர்க்கரைவள்ளி மாதிரி, உள்ளே முழுக்க நார் என்று எழுதுகிறார். பட்டினியிலும் கிழங்கின் நாரைக் கவனிக்கிற கண் அது. அந்தக் கண்ணுக்குப் பெயர்தான் எங்கள் அணி.

இப்போது ஒரு சங்கடமான விஷயம். அந்தப் புத்தி முழுக்க பேட்ரிக்குடையதும் இல்லை. அவருக்குச் சிறுநீரகக் கல், படுத்துக் கிடந்த நாள்கள் பல. விறகு வெட்டியதில் பிள்ளைகளுக்குப் பெரும் பங்கு. வீட்டை நடத்தியது மார்கரெட். அவர் அவளைப் பெக்கி என்றுதான் எழுதுவார். எல்லோரும் பட்டினியில் மாண்டுபோவோமோ என்று பெக்கி கவலைப்படுகிறாள் என்று ஒரு பதிவு. ஐயா, கவலைப்படுகிறவள்தான் அரிசிப் பானையை எட்டிப் பார்ப்பாள்! மார்ச்சில் மீட்புக் குழுவோடு இறங்கும்போது புயல் பிடித்தது. குழு போய்விட்டது, பிரீன் குடும்பத்தில் ஏழு பேரும் வேறு சிலரும் பனியில் தங்கினார்கள். தீ எரிய எரிய அடியில் பனி உருகி ஆழக் குழியாகிவிட்டது. அந்த இடத்தில் ஜான் மயங்கிச் சாய்ந்தபோது, அவன் பல்லை நெம்பித் திறந்து, பதுக்கி வைத்திருந்த சர்க்கரையில் ஒரு துளியை வாயில் போட்டவள் மார்கரெட். மூன்று பேர் அங்கே இறந்தார்கள். மிச்சமிருந்தவர்கள் செத்தவர்களின் சதையைத் தின்று உயிர் பிடித்தார்கள், அதை நான் விரிக்கவில்லை.

அங்கிருந்து அவர்களை இறக்கிய ஜான் ஸ்டார்க் என்ற மனிதர் எங்கள் அணிக்கும் சேரமாட்டார், உங்கள் அணிக்கும் சேரமாட்டார். கூட வந்தவர்கள் சிலரை மட்டும் தூக்கிக்கொண்டு போகலாம் என்றபோது, யாரையும் விடமாட்டேன் என்று ஒன்பது பேரைத் தானே கூட்டிவந்தார். அவருக்கு நான் மார்க் கேட்கவில்லை, கும்பிடு போடுகிறேன்.

பக்திதான் காத்தது என்றால் பேட்ரிக் டோலனைக் கேளுங்கள். பிரீனின் நண்பர், அவரும் அயர்லாந்துக்காரர், அவரும் கத்தோலிக்கர். தன் பங்கு இறைச்சியை ரீட் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு, உதவி தேடி மலை தாண்டப் போன குழுவில் சேர்ந்தார். கிறிஸ்துமஸ் காலையில் குடிசைக்குள் பிரீன், நிலைமை பயங்கரம், ஆனாலும் கடவுளை நம்புகிறோம் என்று எழுதுகிறார். அதே கிறிஸ்துமஸில் டோலன் புத்தி பேதலித்து, உடையைக் கழற்றி எறிந்து, பனியில் செத்தார். பக்தியும் தியாகமும் இருந்தவர் போனார். வீட்டில் இறைச்சி வைத்திருந்தவர் இருந்தார்.

பிரீனின் நல்ல சாவையும் ஐயா சாட்சிக்கு அழைத்தார். 1868 டிசம்பரில், சான் ஹுவான் பௌதிஸ்தாவில், மாதா கோயிலுக்குப் பக்கத்து வீட்டில், பிள்ளை குட்டிகளோடு கண்ணை மூடினார், பக்திக்குக் கிடைத்த பலன் என்றார். சரி, அந்த வீடு எப்படி வந்தது? 1848இல் கையில் காசில்லாமல் அந்த ஊருக்கு வந்தார்கள். 16 வயது ஜான் தங்கம் தோண்டப் போய்ப் பொன்னோடு திரும்பினான். அதில் வாங்கியது ஜெனரல் காஸ்த்ரோவின் வீடு. வழிப்போக்கர்களுக்குச் சோறும் படுக்கையும் கொடுத்துப் பிழைத்தார்கள். இன்று அரசு நினைவிடமாக நிற்கிறது. பையன் மண்வெட்டி பிடித்திருக்கிறான் ஐயா!

கடைசியாக, எதிரணி வீசிய கல்லுக்கு வருகிறேன். மலைக்கு வரும் முன், ஹம்போல்ட் ஆற்றோரம் நடக்க முடியாமல் விழுந்துவிட்ட, அதே கூட்டத்து ஹார்ட்கூப் கிழவரைத் தேடிவரக் குதிரை கேட்டபோது பிரீனும், கூட வந்த கிரேவ்ஸும் மறுத்தார்களே, இதுதான் உங்கள் புத்தியா என்று கேட்டீர்கள். ஆமாம், புத்திதான். கல்நெஞ்சுப் புத்தி. குதிரை போனால் என் பிள்ளைகள் என்னாவது என்று போட்ட கணக்கு. அதற்கு நான் வக்காலத்து வாங்கப்போவதில்லை. ஆனால் அந்த நேரம் அவருடைய ஜெபப் புத்தகமும் அதே வண்டியில்தானே இருந்தது? குதிரையைக் கொடு என்று அவர் பக்தி ஏன் சொல்லவில்லை? அடுத்துப் பேச வருகிறவர் அதற்குப் பதில் சொல்லிவிட்டு மேலே பேசட்டும். நன்றி, வணக்கம்.