சாவியை மாணவர் கையில் கொடுங்கள்

(இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையோர மேல்நிலைப் பள்ளி ஒன்றில், நூலக வார விழாவில் ஆற்றிய உரை)

தலைமையாசிரியர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

நவம்பர் 14 முதல் 20 வரை நாடெங்கும் நூலக வாரம். பீரோவைத் திறந்து, தூசி தட்டி, புத்தகங்களை மேசையில் பரப்பிக் கண்காட்சி வைப்போம். 21ஆம் தேதி பல பள்ளிகளில் அந்த பீரோ மறுபடி பூட்டப்பட்டுவிடும். ஏன் பூட்டுகிறோம் என்பதை முதலில் பேசிவிடலாம்.

பூட்டுகிற ஆசிரியரை நான் குறை சொல்ல மாட்டேன். நம் பள்ளிகள் பலவற்றில் நூலகர் என்று தனியாக ஒருவர் கிடையாது. தமிழாசிரியரோ கணக்கு ஆசிரியரோ கூடுதல் பொறுப்பாகப் பார்த்துக்கொள்கிறார். இருப்புப் பதிவேட்டில் அவர் கையெழுத்து இருக்கிறது. மாறுதலாகிப் போகும்போதும் ஓய்வு பெறும்போதும் எண்ணி ஒப்படைக்க வேண்டும். குறைந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். பாடமும் நடத்தி, தேர்வும் நடத்தி, இந்தப் பயத்தையும் சுமக்கிற ஒருவர் பீரோவைப் பூட்டி வைப்பதில் என்ன ஆச்சரியம்?

நம் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். முதல் விதியே ‘நூல்கள் பயன்படுத்துவதற்கே’ என்பதுதான். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களை இரும்புச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்து வைத்திருந்தார்கள். நம் ஊரில் சங்கிலி இல்லை, பூட்டு இருக்கிறது. ஒற்றை ஆளாக நிற்கும் ஆசிரியரால் அந்தப் பூட்டைக் கழற்ற முடியாது. மாணவர்களால் முடியும். தூசி தட்ட, பெஞ்சு தூக்க, பெண் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பெருக்கச் சொல்ல – இதற்குப் பெயர் மாணவர் பங்கேற்பு அல்ல. சாவி, வழங்கல் பதிவேடு, எந்தப் புத்தகம் வாங்குவது என்ற முடிவு, இந்த மூன்றும் அவர்களிடம் போக வேண்டும். நான் கேட்பது அதைத்தான்.

பிள்ளைகளால் முடியுமா என்று கேட்பவர்களுக்கு, நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். கடலோரப் பள்ளி ஒன்றில் பழைய நிலப்பட நூல் ஒன்று நடுவில் பிரிந்து கிடந்தது. யாரோ நல்லெண்ணத்தில் ஸ்டேப்ளர் பின் அடித்திருந்தார்கள். உப்புக் காற்றில் பின் துருப்பிடித்து, தாளையும் அரித்து, அந்த இடத்திலேயே கிழிந்துவிட்டது. மேலே ஒட்டியிருந்த செலோடேப்பும் மஞ்சளாகிப் பிசுபிசுத்துப்போயிருந்தது. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் அதை மடியில் வைத்துக்கொண்டு பின்களை நகத்தால் ஒவ்வொன்றாக எடுத்தான். மடிப்பின் நடுவில் ஊசியால் ஐந்து துளை போட்டான். தடித்த வெள்ளை நூலை உள்ளிருந்து வெளியே, வெளியிலிருந்து உள்ளே என்று கோத்து இழுத்து, நடுத்துளையில் கொண்டுவந்து முடிச்சுப் போட்டான். முடிச்சைப் பார்த்தேன். வலை பொத்துகிறவர்கள் போடுகிற முடிச்சு. லீவு நாளில் அப்பாவோடு கடற்கரையில் உட்கார்ந்து வலை பொத்துகிற பிள்ளை அவன். வகுப்பில் வாசிக்கச் சொன்னால் திக்குவான் என்று ஆசிரியர் சொன்னார். அன்றைக்குத் தைத்து முடித்த கையோடு அந்த நூலைப் புரட்டி, இலங்கை எங்கே, கச்சத்தீவு எங்கே என்று விரலால் தேடிக்கொண்டிருந்தான்.

அதனால் நூலகக் குழுவுக்கு முதல் மதிப்பெண் வாங்குகிறவர்களை மட்டும் எடுக்காதீர்கள். வாசிக்கத் தயங்குகிற பிள்ளைக்கும் அதில் இடம் வேண்டும். புத்தகம் தினமும் கைபட்டால்தான் கூச்சம் போகும்.

நம் கடற்கரையில் புத்தகத்துக்கு எதிரி நிறைய. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு ஈரம் ஏறும், தாள் பூஞ்சை பிடிக்கும். இரும்பு பீரோவின் அடித்தட்டு துருப்பிடித்து அட்டையில் கறை இறங்கும். ராமபாணப் பூச்சிக்கு அட்டையில் இருக்கிற மாவுப் பசைதான் சாப்பாடு. பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைப்பது, அடித்தட்டில் பழைய அட்டையைப் போடுவது, புத்தகங்களை நெருக்கித் திணிக்காமல் காற்றோட இடம் விடுவது, மழைவிட்ட நாளில் நிழலில் விரித்து உலர்த்துவது, வசம்பையும் காய்ந்த வேப்பிலையையும் துணியில் முடிந்து மூலைகளில் வைப்பது, இதையெல்லாம் பிள்ளைகள் அழகாகச் செய்வார்கள். பைண்டிங் செய்கிறவர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், பிள்ளைகள் கையில் வேண்டாம்.

அடுத்து அடுக்குவது. மெல்வில் டூயி என்ற அமெரிக்கர் 1876இல் கொண்டுவந்த, பாடங்களைப் பத்துப் பிரிவாக்கி எண் கொடுக்கிற முறையில்தான் உலகத்தின் ஏராளமான நூலகங்கள் புத்தகங்களை அடுக்குகின்றன. அதில் கடல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கடலியல் 551இல் வரும். மீன் என்ற உயிரினம் 597. மீன் பிடிக்கிற தொழில் 639. மண்டபம், தொண்டி போன்ற கடலோர ஊர்களில் இருக்கிற பிள்ளைக்கு இந்த மூன்றும் ஒன்றுதான். சீலா மீனைப் பற்றிக் கேட்கிற பிள்ளைக்கு, அது எந்த ஆழத்தில் இருக்கும், எந்த வலையில் படும், வாடைக் காற்றில் கரைக்கு வருமா எல்லாமே ஒரே கேள்வி. ஒரே பொருளை ஆளுக்கொரு கோணத்தில் தேடுவார்களே என்ற சிக்கலை வைத்துத்தான் ரங்கநாதன் 1933இல் கோலன் பகுப்பு என்ற புத்தக வகைப்பாட்டு முறையையே வெளியிட்டார். ஆகவே, எண்களை மாற்ற வேண்டாம். புத்தகத்தின் முதுகில் எண் இருக்கட்டும். ஆனால் ‘கடல்’ என்று ஒரு தட்டு தனியாக வையுங்கள், அதில் எவை வர வேண்டும் என்பதைப் பிள்ளைகள் உட்கார்ந்து பேசி முடிவு செய்யட்டும். அந்தப் பேச்சே நல்ல பாடம்.

அந்தத் தட்டில் அச்சான புத்தகம் மட்டும் போதாது. 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு தனுஷ்கோடியைப் புயல் அடித்துப்போனது. பாம்பனிலிருந்து போன ரயிலும் அதோடு போனது. அன்றைக்குப் பத்து வயதாக இருந்தவர்களுக்கு இன்று எழுபது தாண்டிவிட்டது. அவர்கள் இன்னும் இந்தக் கரையில்தான் இருக்கிறார்கள். நூலகக் குழுப் பிள்ளைகள் தங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டு ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதட்டும். பாசி எடுக்கப் போகிற அம்மாவிடம் எந்தத் தீவு, எந்தப் பருவம் என்று கேட்டு எழுதட்டும். அந்த நோட்டுக்கும் இருப்புப் பதிவேட்டில் ஓர் எண் போடுங்கள். இந்த விஷயங்கள் வேறு எந்த ஊர் நூலகத்திலும் கிடைக்காது.

இந்த மண்ணில் பேசிவிட்டு அப்துல் கலாம் பெயரைச் சொல்லாமல் இறங்க முடியாது. அவர் ராக்கெட் விட்டதை எல்லோரும் சொல்கிறோம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இராமேசுவரத்தில் எஸ்.டி.ஆர். மாணிக்கம் என்பவரின் வீட்டில் ஒரு நூலகம் இருந்தது, அங்கிருந்து சிறுவன் கலாம் புத்தகங்களை எடுத்துப் படித்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இராமேசுவரத்தில் ரயில் நிற்காமல் போனபோது, ஓடுகிற ரயிலிலிருந்து போட்ட செய்தித்தாள் கட்டுகளை எடுத்து வந்து, செய்தித்தாள் விற்றவருக்கு உதவியதும் சிறுவன் கலாம்தான். சின்னப் பையனை நம்பி ஒருவர் புத்தகம் கொடுத்தார், இன்னொருவர் வேலை கொடுத்தார். இரண்டுக்கும் யாரும் அவரிடம் முன்பணம் கேட்கவில்லை.

புத்தகம் வாங்குவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாவட்டப் புத்தகத் திருவிழாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறோம், ஆனால் பட்டியலை நாமே எழுதிக்கொண்டு போகிறோம். பணத்தில் பாதிக்காவது அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். பேய்க் கதை வாங்குவார்கள். வாங்கட்டும், அதுதான் முதலில் கிழியும் வரை படிக்கப்படும்.

கடைசியாக இரண்டு கோரிக்கைகள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், அப்பாக்கள் வீட்டில் இருப்பார்கள், பள்ளிக்கும் கோடை விடுமுறை. ஊரே ஓய்வாக இருக்கிற அந்த நாட்களில்தான் நூலகம் பூட்டிக் கிடக்கிறது. பெற்றோர் ஒருவரும் மாணவர் இருவருமாக முறை வைத்து, வாரத்தில் இரண்டு மாலை திறந்து வையுங்கள். அப்பாமார்களும் வந்து உட்காரட்டும்.

இன்னொன்று மேலாண்மைக் குழுவுக்கு. மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில், நூலகங்களில் ஆயிரம் புத்தகம் புழங்கினால் ஆண்டுக்கு ஐந்து தொலைவதை இயல்பான இழப்பாக ஏற்கலாம் என்று இருக்கிறது. அக்கறையின்மையோ முறைகேடோ இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. அது மத்திய அரசு நூலகங்களுக்கான விதி. அதே நியாயம் நம் பள்ளிக்கும் வேண்டும் என்று அடுத்த கூட்டத்தில் தீர்மானம் எழுதி, கையெழுத்துப் போட்டு, மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்புங்கள். நூலகப் பொறுப்பில் இருக்கும் ஆசிரியரின் பயத்தை எடுக்காமல் எதுவும் நடக்காது. தீர்மான வாசகத்தை எழுத உதவி வேண்டுமென்றால், கூட்டம் முடிந்ததும் இங்கேதான் இருப்பேன், வாருங்கள். வணக்கம்.