சம்பளச் சீட்டைச் சேர்ந்து வாசிப்போம்

நேயர்களுக்கு வணக்கம்.

மாதச் சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் கைக்கு வந்தாக வேண்டும் என்கிறது சட்டம். பணம் ஏறியதாகக் கைப்பேசியில் செய்தி வந்ததும் வாடகை, மளிகைக் கடன், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் என்று மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறது. செலவுக் கணக்கு நமக்குத் தலைகீழ்ப் பாடம். வரவு எப்படி இந்தத் தொகையானது என்ற கணக்கைத்தான் பலரும் பார்ப்பதில்லை. அரசியல் என்றால் தேர்தலும் கூட்டணியும் என்று பேசிப் பழகிய நமக்கு, மாதந்தோறும் வீடு தேடி வரும் ஓர் அரசியல் ஆவணம் இருக்கிறது. அதுதான் சம்பளச் சீட்டு. அதை எப்படி வாசிப்பது, எங்கே பணம் கசிகிறது என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

ஓ.டி. எனும் மிகை நேர வேலையிலிருந்து தொடங்குகிறேன். அதிகம் போவது அங்கேதான்.

அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 13,000 ரூபாய் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வழக்கமாக 26 வேலை நாளால் வகுப்பார்கள். ஒரு நாள் கூலி 500. எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 62 ரூபாய் 50 காசு. மிகை நேரத்துக்கு இரட்டிப்பு என்பதால் ஓ.டி. மணிக்கு 125 ரூபாய். தினம் இரண்டு மணி நேரம் கூடுதலாக நின்றால் மாதத்துக்கு 52 மணி. வர வேண்டியது 6,500 ரூபாய். பல இடங்களில் ஒற்றைக் கூலி போட்டு 3,250 கொடுத்து முடித்துவிடுகிறார்கள். 'ஓ.டி. போட்டேன், காசு வந்தது' என்று தொழிலாளியும் நிறைவாக வீட்டுக்குப் போகிறார். அவருடைய பாதிப் பணம் ஆலையிலேயே தங்கிவிட்டது.

இதைச் செய்ய வழிகள் பல. ஓ.டி.யைச் சீட்டில் காட்டாமல் வவுச்சரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ரொக்கமாகக் கொடுப்பது ஒன்று. 'ஊக்கத்தொகை' என்று பெயர் மாற்றிப் போடுவது இன்னொன்று. பெயர் மாறிவிட்டால் எத்தனை மணி நேரத்துக்கு என்ற கேள்வியே எழாது. பஞ்சப்படியை விட்டுவிட்டு அடிப்படைச் சம்பளத்தை மட்டும் வைத்து மணிக்கூலி போடுவதும் உண்டு. ஷிப்டு தொடங்குவதற்கு முன் இருபது நிமிடம் வந்து இயந்திரத்தைத் துடைக்கச் சொல்வது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. மாதம் 26 நாளும் இருபது நிமிடம் என்றால் எட்டரை மணி நேரத்துக்கு மேல். ஒரு முழு நாள் உழைப்பு இலவசம்.

இன்னொன்றும் உண்டு. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் ஒரு காலாண்டுக்கு 50 மணி நேர ஓ.டி. என்று வரம்பு வைத்தது. நாம் பார்த்த எடுத்துக்காட்டில் ஒரே மாதத்தில் அந்த வரம்பு தாண்டிவிட்டது. ஓ.டி. இல்லாமல் குடும்பம் ஓடாது என்ற அளவுக்குச் சம்பளத்தைத் தாழ்த்தி வைத்துவிட்டு, 'அவர்களே விரும்பித்தான் நிற்கிறார்கள்' என்று சொல்வதை ஏற்க முடியாது. வறுமை கையெழுத்துப் போடுவதை விருப்பம் என்று சொல்லக் கூடாது.

எட்டு மணி நேர வேலை நாள் யாரும் தானமாகக் கொடுத்ததல்ல. 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களின் குறைகளில் ஒன்று, மதியம் சாப்பிடப் போதிய நேரம் இல்லை என்பது. 1923இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே நாள் கொண்டாடினார். சரியாக நூறு ஆண்டு கழித்து, 2023 ஏப்ரல் 21 அன்று, தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. இடதுசாரிகளும் தொழிற்சங்கங்களும், ஆளும் கூட்டணியில் இருந்த கட்சிகளும் எதிர்த்தன. மே 1 அன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். பத்தே நாள். சேர்ந்து நின்றால் என்ன நடக்கும் என்று கேட்பவர்களுக்கு அந்தப் பத்து நாளைச் சொல்லுங்கள்.

அடுத்து பி.எஃப். எனும் வருங்கால வைப்பு நிதி. அடிப்படையும் பஞ்சப்படியும் 12,000 என்றால் உங்கள் பங்கு 12 சதவீதம், அதாவது 1,440 ரூபாய். முதலாளியும் அதே 1,440 போட வேண்டும். கணக்கைத் திறந்து பார்ப்பவர்கள் 'என் பங்கு 1,440 இருக்கிறது, கம்பெனி பங்கு 440தானே இருக்கிறது' என்று பதறுவது வழக்கம். பதற வேண்டாம். முதலாளி பங்கில் 8.33 சதவீதம், ஏறக்குறைய 1,000 ரூபாய், ஓய்வூதிய நிதிக்குப் போய்விடுகிறது. பதற வேண்டியது வேறு இரண்டு விஷயங்களுக்கு. சீட்டில் 2,880 பிடித்திருந்தால் முதலாளியின் பங்கையும் உங்கள் சம்பளத்திலேயே எடுத்துவிட்டார்கள் என்று பொருள். அதற்குச் சட்டத்தில் இடமில்லை. சீட்டில் பிடித்தம் இருந்து, அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குப் பிறகும் கணக்கில் வரவே இல்லை என்றால், அந்தப் பணத்தை ஒப்பந்ததாரர் தன் முதலீடாகச் சுழற்றிக்கொண்டிருக்கலாம். ஆகவே சீட்டைப் பார்ப்பதோடு, அரசின் உமாங் செயலியில் பி.எஃப். பாஸ்புக்கையும் பாருங்கள்.

கான்ட்ராக்ட் தொழிலாளர்களுக்கு வேறொரு ஆபத்து. யு.ஏ.என். என்பது வேலை மாறினாலும் மாறாமல் தொடர வேண்டிய பி.எஃப். எண். ஒப்பந்ததாரர் மாறும்போதெல்லாம் அதைப் புதிதாகப் போட்டுவிடுகிறார்கள். ஒரே ஆலை, ஒரே வாசல், ஒரே வேலை. ஆனால் நான்கு கணக்குகள். ஓய்வூதியம் பெறப் பத்து ஆண்டு சேவை வேண்டும். சிதறிய கணக்குகளைச் சேர்க்காவிட்டால் பன்னிரண்டு ஆண்டு உழைத்தவரும் காகிதத்தில் மூன்று மூன்று ஆண்டு உழைத்தவராகவே நிற்பார். பழைய எண்ணையே புதிய ஒப்பந்ததாரரிடம் கொடுங்கள். வேலை விடும்போது, பத்து ஆண்டு ஆவதற்கு முன் ஓய்வூதியப் பணத்தையும் எடுத்துவிட்டால் அதுவரையிலான சேவை அழிந்துவிடும். பணம் எடுக்காமல், சேவையைக் காக்கும் திட்டச் சான்றிதழ் கேட்டு வாங்கலாம்.

சம்பளத்தைத் துண்டு துண்டாக்கி, அடிப்படையைச் சிறிதாகவும் படிகளைப் பெரிதாகவும் காட்டுவது பழைய தந்திரம். பி.எஃப். குறையும், பணிக்கொடையும் குறையும். எல்லோருக்கும் பொதுவாகத் தரப்படும் படிகளையும் பி.எஃப். கணக்கில் சேர்க்க வேண்டும் என்று 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும், படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதி சம்பளமாகவே கொள்ளப்படும்.

அந்தத் தொகுப்புகளை நான் ஆதரிக்கவில்லை. 29 சட்டங்களை நான்காகச் சுருக்கியபோது, அரசிடம் அனுமதி கேட்காமல் ஆட்குறைப்புச் செய்யும் வரம்பை 100 தொழிலாளியிலிருந்து 300 வரை உயர்த்தினார்கள். எந்தத் தொழிலானாலும் வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு என்றார்கள். இதை எதிர்ப்போம். எதிர்த்துக்கொண்டே, அதில் நமக்குப் பயன்படும் பிரிவுகளை ஒன்றுவிடாமல் பயன்படுத்துவோம்.

இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் காப்பீட்டுக்கான பிடித்தம் சிறியது: 16,000 ரூபாய்க்கு உங்கள் பங்கு 0.75 சதவீதம், 120 ரூபாய். முதலாளி 3.25 சதவீதம், 520 ரூபாய். சிறியது என்று விட்டுவிடாதீர்கள். நோய்க்கால உதவித்தொகை, அதாவது கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்க வேண்டுமானால், ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா கட்டப்பட்டிருக்க வேண்டும். ஒப்பந்ததாரர் இரண்டு மாதம் மட்டும் கட்டி, மீதி மாதங்களை விட்டுவிட்டால் 78 எட்டாது. காய்ச்சலில் படுத்த பிறகுதான் அது தெரியவரும். வேலையிடத்து விபத்துக்கு அந்தக் காத்திருப்பு கிடையாது. சேர்ந்த முதல் நாளே கை நசுங்கினாலும் கூலியில் 90 சதவீதம் உண்டு. அதனால்தான் சில இடங்களில் விபத்தை 'வீட்டில் வழுக்கி விழுந்தார்' என்று மாற்றி எழுதச் சொல்கிறார்கள். சிகிச்சைச் செலவை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்ற இனிய சொல்லும் கூடவே வரும். ஒப்புக்கொள்ளாதீர்கள். விபத்து அறிக்கையில் இடமும் நேரமும் சரியாக ஏறாவிட்டால், நிரந்தர ஊனத்துக்கான மாதத் தொகை கடைசிவரை கிடைக்காது.

ஒப்பந்ததாரர் சம்பளம் கொடுக்காமல் போய்விட்டால், அவரை அமர்த்திய முதன்மை முதலாளி கொடுத்தாக வேண்டும். 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் சொன்னது இது. புதிய தொகுப்பிலும் தொடர்கிறது. 2025 ஆகஸ்டில் சென்னையில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் தங்கள் வேலை தனியார் நிறுவனத்திடம் போவதை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன்பு இரவு பகலாக உட்கார்ந்திருந்தார்களே, அவர்களின் அச்சமும் இந்த ஒப்பந்த முறையைச் சுற்றியதுதான். குப்பை அதே குப்பை, தெரு அதே தெரு. நடுவில் ஒரு நிறுவனம் நுழைந்ததும் அள்ளுகிறவரின் கூலி ஏன் குறைய வேண்டும்? லாபத்துக்கு இடம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் விடை அவர்களுடைய சம்பளச் சீட்டில் இருக்கும்.

இதையெல்லாம் ஒருவராகக் கேட்டால் அடுத்த நாள் ஷிப்டு மாறும், அதற்கடுத்த நாள் வாசலில் நிறுத்துவார்கள். ஆகவே டீ இடைவேளையில் ஐந்து பேர் சேர்ந்து ஐந்து சீட்டுகளை ஒன்றாக வைத்துப் பாருங்கள். ஒரே வேலைக்கு ஐந்து விதக் கணக்கு இருப்பது அப்போது தெரியும். ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான வித்தியாசமும் தெரியும். அந்த நான்கு தொகுப்புகளில் ஒன்றான ஊதியத் தொகுப்பின்படி, வர வேண்டிய பணத்துக்கான கோரிக்கை மனுவைத் தொழிலாளி தானே கொடுக்கலாம். அவர் உறுப்பினராக உள்ள பதிவுபெற்ற சங்கமும் கொடுக்கலாம். சங்கத்தின் பெயரில் மனு போனால் தனி ஆள் இலக்காவது குறையும். கால வரம்பு மூன்று ஆண்டு. 'கொடுத்துவிட்டேன்' என்று முதலாளி சொன்னால் அதை நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது.

நீங்கள் செய்ய வேண்டியது, பத்து ரூபாய்க்கு நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கி, தேதி, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், மேஸ்திரியின் பெயர் ஆகிய நான்கையும் தினம் எழுதுவது. பேனாவில் எழுதுங்கள், பென்சில் வேண்டாம். பக்கத்தைக் கிழிக்காதீர்கள், தவறானால் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதுங்கள். சம்பளச் சீட்டை அந்தந்த மாதப் பக்கத்திலேயே ஒட்டி வையுங்கள். நோட்டு நிறைந்த பிறகும் மூன்று ஆண்டுக்கு அதைப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிடாதீர்கள்.

நன்றி. வணக்கம்.