உபவாசத்தில் மிச்சமாகும் அரிசி

மதிப்பிற்குரிய சேகரத் தலைவராகிய போதகர் ஐயரவாள் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, அழைப்பை ஏற்று வந்திருக்கும் பக்கத்து ஊர்ப் பங்குத்தந்தை அவர்களே, உபதேசியார் ஐயா அவர்களே, ஈஸ்டருக்கு முந்தின உபவாச நாட்களான லெந்து காலத்தில் நடக்கும் இந்தக் கூட்டத்துக்காக ஓடியாடி உழைக்கும் பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமார்களே, பந்தல் போட்ட வாலிபர் சங்கத் தம்பிமார்களே, யாரையாவது விட்டிருந்தால் அவர்களே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

உபவாசத்தின் ஆவிக்குரிய பொருளைப் பேசச் சொன்னார்கள். மனந்திரும்புதல், ஜெபம், தருமம் என்று மூன்று காரியம் வைத்திருக்கிறேன்.

மனந்திரும்புதலுக்கு, யோனா தீர்க்கதரிசியின் எச்சரிப்பைக் கேட்ட நினிவே பட்டணம் போதும். ராஜாவே சிங்காசனத்தை விட்டிறங்கிச் சாம்பலில் உட்கார்ந்தான். ஆடுமாடும் தண்ணீர் குடிக்கக் கூடாதென்று கட்டளை போட்டான். நம் லெந்தும் சாம்பலில்தான் தொடங்குகிறது: சாம்பற்புதன் முதல் ஈஸ்டருக்கு முந்தின நாள்வரை 46 நாள். ஞாயிறு ஆறையும் கழித்தால் 40. ஆண்டவர் வனாந்தரத்தில் பசித்திருந்த கணக்கு அது.

பசி என்றதும் நம் பெரியவர்கள் சொன்னது ஞாபகம் வருகிறது: பசி வந்தால் பத்தும் பறக்கும். மானம், குலம், கல்வி என்று போகும் அந்தப் பட்டியலில் தானமும் உண்டு, தவமும் உண்டு. குலம் பறந்தால் நல்லது. நம் சபைகளில் அது இன்னும் சீக்கிரம் பறக்கலாம். தானம் பறக்கலாமா?

ஓர் ஊர், பெயர் வேண்டாம். உபவாசக் கூட்டம் காலை பத்து மணிக்கு. ஆலயத்துக்குப் பின்னால் கல் கூட்டிப் பெரிய அடுப்பு. பதினொன்றரைக்கே ஆட்டுக்கறி தாளிக்கிற வாசம் ஜன்னல் வழியே வந்துவிட்டது. பிரசங்கியார் மோசேயோடு சீனாய் மலைமேல் நிற்கிறார். சபை முழுக்க வடக்கு ஜன்னலில் நிற்கிறது. "இன்னும் ஒரே ஒரு வசனம்" என்றார். பின்வரிசையிலிருந்து ஒரு தாத்தா, "ஐயா, மோசேயைக் கீழே இறக்கிரும், சோறு குழைஞ்சிரும்" என்றார். சிரிக்கிறீர்கள், அங்கேயும் சிரித்தார்கள். ஆசீர்வாதத்துக்கு ஆமென் சொல்லுமுன் பந்திக்கு இடம் பிடித்தாயிற்று. சபையார் கூடி விருந்துண்ணும் அசனப் பண்டிகை தோற்றது, போங்கள்! கை கழுவும் இடத்தில் பாத்திரம் தேய்க்க வந்த அம்மா கேட்டாள்: "ஒரு நேரம் சாப்பிடாம இருந்ததுக்கா ஐயா இம்புட்டுச் சோறு? நாங்க பாதி நாள் ராத்திரி அப்படித்தான் கிடக்கோம். யாரும் ஜெபம் பண்ண வரலியே."

வேதத்தில் ஏசாயா 58-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். பசியுள்ளவனுக்கு ஆகாரத்தைப் பகிர்ந்துகொடுப்பதுதான் எனக்கு உகந்த உபவாசம் என்கிறார் கர்த்தர். இரண்டாம் நூற்றாண்டில் எழுந்த எர்மாவின் 'மேய்ப்பன்' என்ற ஆதிக் கிறிஸ்தவ நூல் இன்னும் கறாராகச் சொல்கிறது: அன்றைக்கு நீ சாப்பிடாத சாப்பாட்டின் விலையைக் கணக்குப் பார்த்து, விதவைக்கும் திக்கற்றவனுக்கும் கொடு. பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பது உலகத்து வழக்கம். விசுவாசி தானே வரவழைத்துக்கொண்ட பசியில் தானம் பெருக வேண்டும்.

அதனால்தான் போகிற இடமெல்லாம் கைப்பிடி அரிசி, கைப்பிடி அரிசி என்று கத்திக்கொண்டிருக்கிறேன். நம் பாட்டிமார் உலை வைக்குமுன் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டார்கள். இப்போது பல வீடுகளில் கலயமும் இல்லை, பிடியும் இல்லை. பெரிய வெள்ளிவரை நாம் விடுகிற ஒவ்வொரு வேளைக்கும் அந்த அரிசியை அளந்து ஆலயத்துக்குக் கொண்டுவருவோம். சமைக்க ஆளில்லாத முதியோர் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். மதம் கேட்க வேண்டாம், சபைக் கணக்கில் பெயர் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டாம்.

ஜெபத்தைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன். தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். ஜெபத்தை ஐயரவாள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். அரிசி டின் தெற்கு வாசலில் இருக்கிறது. ரேஷன் அரிசியானாலும் கொண்டுவரலாம், புழுப் பிடித்தது மட்டும் வேண்டாம். வீடுவீடாய்க் கொண்டுபோய்க் கொடுக்க சைக்கிள் உள்ள தம்பிமார், போகுமுன் செயலாளர் அக்காவிடம் பெயர் கொடுங்கள்.