அறிக்கையில் இல்லாமல் போன ஒரு சொல்

நேயர்களுக்கு வணக்கம். மார்ச் 8 மகளிர் தினம் என்பது எல்லோருக்கும் தெரியும். 1917-இல் அதே நாளில் அன்றைய ரஷ்யத் தலைநகர் பெட்ரோகிராடில் என்ன நடந்தது என்பதைச் சொல்ல வந்திருக்கிறேன்.

முதல் உலகப் போரின் மூன்றாவது குளிர்காலம் அது. ரொட்டிக் கடை வாசலில் மணிக்கணக்காக வரிசையில் நின்றும், வெறுங்கையோடு திரும்பிய நாட்கள் பல. அன்று வைபோர்க் பகுதியின் நெசவாலைப் பெண்கள் தறிகளை விட்டு வெளியே வந்தார்கள். அப்படியே வீட்டுக்குப் போகவில்லை. பக்கத்து உலோக ஆலைகளுக்குப் போய், ஜன்னல்கள்மேல் பனியுருண்டைகளை வீசி, "வேலையை விட்டு வாருங்கள்" என்று ஆண்களைக் கூப்பிட்டார்கள். ஆண்களும் வந்தார்கள். ஒரே வாரத்தில் ரஷ்யப் பேரரசர் ஜார் முடிதுறந்தார்.

அப்புறம் அவர் இடத்துக்கு வந்த இடைக்கால அரசு ஓர் அறிக்கை வெளியிட்டது. சமூகப் படிநிலை, மதம், தேசிய இனம் ஆகியவற்றின் பேரால் இருந்த தடைகள் நீங்கும். அரசியல் நிர்ணய சபையை அனைவரும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கலாம் என்றது. ஆண், பெண் என்ற பேச்சே அதில் இல்லை. அந்த 'அனைவரும்' என்பதில் நாமும் உண்டா என்று பெண்கள் கேட்டது நியாயம்தான். 1906-இல் ரஷ்ய நாடாளுமன்றமான டூமா முதன்முதலாகக் கூடியபோது அவர்களுக்கு வாக்கு கிடைக்கவில்லை. அதே பேரரசுக்குள் இருந்த பின்லாந்தில் பெண்களுக்கு அதே ஆண்டு கிடைத்தது!

அதனால் ஏப்ரல் 1 அன்று, ரஷ்யாவின் அன்றைய பழைய காலண்டரில் அல்ல, இன்று நாம் பயன்படுத்தும் ஆங்கிலக் காலண்டர் கணக்கில், மறுபடியும் தெருவில் இறங்கினார்கள். சுமார் 40,000 பெண்கள். நெவ்ஸ்கி சாலையிலிருந்து, டூமா இருந்த தவ்ரிதா அரண்மனைக்குப் பேரணி. முன்னால் போனவர்கள் மருத்துவர் போலிக்சேனா ஷிஷ்கினா-யாவெய்னும், ஜார் ஆட்சியில் இருபது ஆண்டு கோட்டைச் சிறையில் கிடந்த வேரா ஃபிக்னரும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்: அரண்மனை வாசலில், பதில் கிடைக்கும்வரை கலைய மாட்டோம் என்று அவர்கள் நின்றுவிட்டார்கள். மக்களில் பாதிப் பேரை விட்டுவிட்டுக் கூடும் சபை முழு மக்களின் குரலாகாது என்று ஷிஷ்கினா முகத்துக்கு நேரே சொன்னார். தொழிலாளர், சிப்பாய்களின் மன்றமான பெட்ரோகிராட் சோவியத்தின் தலைவர் ச்கெய்த்ஸேயும் டூமா தலைவர் ரொட்ஸியான்கோவும் வெளியே வந்து பேச வேண்டியதாயிற்று.

கோடையில் தேர்தல் சட்டம் வந்தது. வாக்காளர் யார் என்று சொல்லும் இடத்தில், இருபது வயது நிறைந்த ரஷ்யக் குடிமக்கள் என்பதோடு, இந்த முறை 'இருபாலரும்' என்ற சொல்லும் இருந்தது.