உரமே என்பேன்: பட்டிமன்றத்தில் ஓர் அணியின் உரை

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, அரங்கம் நிறைந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, தலைப்பைக் கேட்டவுடனே யாரைப் பற்றிய பேச்சு என்று புரிந்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்த பிள்ளைகளே, எல்லோருக்கும் என் வணக்கம்.

"யூடியூபர்களின் அறக்கொடைக் கால்பந்து பாரம்பரியக் கழகங்களுக்கு உரமா, களையா?" என்பது இன்றைய கேள்வி. உரமே என்று வாதாட வந்திருக்கிறேன். பிள்ளைகளுக்குத் தெரிந்த செய்தியைப் பெரியவர்களுக்காக முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் 'சைடுமென்' என்ற பெயரில் ஏழு இளைஞர்கள் யூடியூபில் காணொளிகள் வெளியிட்டுப் புகழ்பெற்றார்கள். அவர்கள் 2016இல் மற்ற யூடியூபர்களைத் திரட்டி, சவுத்தாம்ப்டன் கால்பந்துக் கழகத்தின் செயின்ட் மேரிஸ் திடலில் நற்பணிகளுக்கு நிதி சேர்ப்பதற்காக ஓர் ஆட்டம் ஆடினார்கள். பிறகு தென்கிழக்கு லண்டனில் சார்ல்டன் அத்லெட்டிக் கழகத்தின் 'வேலி' (Valley) திடலில் மூன்று முறை ஆடினார்கள். அங்கே 2022இல் சேர்ந்த தொகை பத்து லட்சம் பவுண்டைத் தாண்டியது. 2023இல் வெஸ்ட்ஹாம் ஆடும் லண்டன் ஸ்டேடியத்தில் 24 லட்சம் பவுண்டு சேர்ந்தது. 2025 மார்ச் 8ஆம் தேதி லண்டனின் வெம்பிளி திடலில் 90,000 இருக்கைகளும் நிரம்பின, 47 லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது.

எதிரணித் தலைவர் இந்தத் தொகைகளை மறுக்கவில்லை. அவருடைய கவலை வேறு. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஓர் ஊரின் உழைப்பாலும் கண்ணீராலும் வளர்ந்த கழகங்களின் திடல்கள் பாதி காலியாகக் கிடக்கும்போது, பந்தை நேராக உதைக்கத் தெரியாதவர்களுக்கு வெம்பிளி நிறைகிறதே என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வியில் கால்பந்தின் மீது உண்மையான அன்பு இருக்கிறது. அதை மதித்தே பதில் சொல்கிறேன்.

கழகங்கள் நலிந்தது எதனால் என்று முதலில் பார்ப்போம். மான்செஸ்டருக்கு வடக்கே பரி என்ற ஊர் இருக்கிறது. அதன் கால்பந்துக் கழகம் 1885இல் தொடங்கியது. 1900இலும் 1903இலும் இங்கிலாந்தின் புகழ்பெற்ற எஃப்.ஏ. கோப்பையை வென்றது. 2018இன் இறுதியில் அந்தக் கழகம் வெறும் ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. அடுத்த சில மாதங்களில் களத்தில் வென்று மேல்பிரிவுக்கு முன்னேறிய அதே அணியை, கடனைத் தீர்க்க வழி காட்டவில்லை என்பதற்காக 2019 ஆகஸ்ட் 27ஆம் தேதி கழகங்களின் போட்டித்தொடரை நடத்தும் லீக் அமைப்பு வெளியேற்றியது. 1894 முதல் தொடர்ந்து லீக்கில் ஆடிவந்த கழகம் அது. அந்த ஊரின் தாத்தாக்களும் பேரன்களும் பூட்டிய கதவுக்கு வெளியே நின்று அழுதார்கள் என்றால், அதற்குக் காரணம் எந்த யூடியூபர்? கடன், அந்தக் கடனோடு விளையாடியவர்கள், அவர்களைக் கேள்வி கேட்காமல் உள்ளே விட்ட விதிகள், இவையே காரணம். எய்தவர் அங்கே இருக்க, அம்பு என்றுகூடச் சொல்ல முடியாத இந்த இளைஞர்களை நோவது நியாயமா?

நலியாத கழகங்களைப் பாருங்கள். 2024 நவம்பரில், பருவம் நடந்துகொண்டிருந்தபோதே, மான்செஸ்டர் யுனைடெட் தன் உறுப்பினர்களுக்கான எஞ்சிய நுழைவுச்சீட்டுகளுக்கு 66 பவுண்டு என்று விலை வைத்தது. சிறுவர்களுக்கும் மூத்தோருக்கும் சலுகை கிடையாது. ஒரு தந்தை இரண்டு பிள்ளைகளை அழைத்துச் சென்றால் 198 பவுண்டு. உலகிலேயே செல்வம் மிகுந்த கழகங்களுள் ஒன்று, எட்டு வயதுப் பிள்ளையிடம் நீ எனக்கு முக்கியமில்லை என்று சொன்ன செயலாகவே நான் அதைப் பார்க்கிறேன். அப்படி ஒதுக்கப்பட்ட பிள்ளை இலவசமாகக் கிடைக்கும் யூடியூபின் பக்கம் திரும்பியதில் என்ன வியப்பு?

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் ஒரு வலுவான செய்தியை முன்வைத்தார். இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் 2:45 மணி முதல் 5:15 மணி வரை தொழில்முறைக் கால்பந்தைத் தொலைக்காட்சியில் நேரலையாகக் காட்டுவதில்லை. வீட்டிலேயே ஆட்டம் பார்க்க உட்கார்ந்துவிட்டால் சிறு கழகங்களின் திடலுக்கு ஆள் வராது என்பதற்காக 1960களில் பிறந்த ஏற்பாடு அது. அப்படிப் பாதுகாக்கப்படும் சனிக்கிழமையில் யூடியூபர்கள் தங்கள் ஆட்டத்தை உலகத்துக்கே இலவசமாகக் காட்டினார்கள் என்று அவர் வருந்தினார். சிறு கழகங்களின் வருமானத்தைப் பற்றிய அவருடைய அக்கறை எனக்கும் உண்டு. ஆனால் அந்த ஏற்பாடு, திடலுக்குப் போகும் பழக்கம் உள்ளவரை வீட்டில் தங்கவிடாமல் காப்பது. யூடியூபர்களின் ஆட்டத்தைப் பார்த்த கூட்டத்தில் பெரும்பகுதி திடலுக்குப் போகும் பழக்கமே இல்லாத பிள்ளைகள். இன்னும் வந்தே சேராதவரை யாரும் களவாட முடியாது.

இதை நான் என் வீட்டிலேயே பார்த்தேன். சார்ல்டன் ரயில் நிலையத்துக்கு அருகில் நாங்கள் பல ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம். சனிக்கிழமைதோறும் சார்ல்டன் ரசிகர்களின் சிவப்புச் சட்டைகள் எங்கள் வாசலைக் கடந்து போகும். அந்த நேரத்தில் நாங்கள் பிள்ளையைக் கணக்கு வகுப்புக்கு அழைத்துப் போவோம். அந்தத் திடல் எங்களுக்கானது அல்ல என்று யாரும் எங்களிடம் சொன்னதில்லை, நாங்களாகவே அப்படி எண்ணிக்கொண்டோம். 2022 செப்டம்பரில் என் மகள், அப்போது பத்து வயது, யூடியூபர்கள் நம் தெருவுக்கே வருகிறார்கள் என்று அடம்பிடித்து என்னை உள்ளே இழுத்துப் போனாள். ஆட்டம் 8-7 என்று முடிந்தது. பதினைந்து கோல்களுக்கும் அவள் எழுந்து குதித்தாள். திரும்பும் வழியில் ஒரு சிலைக்கு முன்னால் நின்றாள். "அப்பா, இவர் எந்தச் சேனல்?" என்று கேட்டாள்.

அந்தச் சிலை சாம் பார்ட்ரமுடையது. 1934 முதல் 1956 வரை சார்ல்டனின் கோல்காப்பாளர். 1937 கிறிஸ்துமஸ் நாளில் செல்சியின் திடலில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது மூடுபனி இறங்கியது. ஆட்டம் நிறுத்தப்பட்டு எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். நம் அணி எதிர்ப்பக்கத்தில் தாக்கிக்கொண்டிருக்கிறது போலும் என்று எண்ணி, பார்ட்ரம் மட்டும் கால் மணி நேரம் தனியாகக் கோல் கம்பத்தைக் காத்து நின்றார். ஒரு காவலர் பனிக்குள்ளிருந்து வந்துதான் ஆட்டம் எப்போதோ நின்றுவிட்டதை அவருக்குச் சொன்னார். சிலையின் அருகில் நின்றிருந்த ஒரு முதியவர் இதை எங்களுக்குச் சொன்னபோது என் மகள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். நடுவர் அவர்களே, அந்தக் கதை அங்கே எத்தனையோ ஆண்டுகளாக இருக்கிறது, எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில். அதைக் கேட்க ஒரு காது வந்து சேர்ந்தது அந்த யூடியூபர்களால். அவர்கள் பிள்ளையை வாசல் வரை அழைத்து வந்தார்கள். உள்ளே அமரவைத்தது அந்த முதியவர். பாரம்பரியத்துக்கு இந்த இரண்டு கைகளுமே வேண்டும்.

அந்தத் திடலின் வரலாறு தெரிந்தால் என் எதிரணி நண்பர்கள் இன்னும் மனம் இளகுவார்கள். சுண்ணாம்பும் மணலும் தோண்டிய பள்ளமாகக் கிடந்த இடத்தை 1919இல் தன்னார்வலர்கள் வெட்டிச் சமன்செய்து உருவாக்கிய திடல் அது. 1985இல் கழகம் அதைவிட்டு வெளியேற நேர்ந்தது, திடலில் செடிகொடிகள் மண்டின. 1989இல் ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் வந்து அவற்றை வெட்டி, களத்தின் நடுவிலேயே குவித்து எரித்தார்கள். மாநகரசபை மறுசீரமைப்புக்கு அனுமதி மறுத்தபோது, 'வேலி கட்சி' என்று ஒரு கட்சியே தொடங்கி 1990 உள்ளாட்சித் தேர்தலில் நின்று, 14,838 வாக்குகள் பெற்றார்கள். 1992 டிசம்பர் 5ஆம் தேதி கழகம் வீடு திரும்பியது. இப்படிக் கையால் களை பறித்து மீட்ட மண்ணில்தான் அந்த யூடியூபர்கள் மூன்று முறை ஆடினார்கள். அந்த மண்ணின் கதை அவர்களுடைய காலடியால் அழிந்துபோகவில்லை, என் மகளைப் போன்றவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

அடுத்து, இது கேலிக்கூத்து என்ற குற்றச்சாட்டு. வெம்பிளி ஆட்டத்தில் மஞ்சள் அட்டை காட்டிய ஆட்ட நடுவரிடம் ஓர் ஆட்டக்காரர் சீட்டு விளையாட்டின் அட்டை ஒன்றை எடுத்துத் திருப்பிக் காட்டியதைச் சுட்டிக்காட்டி, விளையாட்டின் மாண்பு போயிற்று என்றார்கள். இதைக் கேட்டபோது எனக்கு நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு வழக்கு நினைவுக்கு வந்தது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல நடுவர் அனுமதிக்க வேண்டும்.

முதல் உலகப்போர்க் காலத்தில் பிரெஸ்டன் நகரின் டிக் கெர் ஆலையில் போர்த்தளவாடங்கள் செய்த பெண்கள், உணவு இடைவேளையில் பந்து உதைத்துப் பழகினார்கள். 1917 கிறிஸ்துமஸ் நாளில், காயம்பட்ட வீரர்களின் மருத்துவமனைக்காகப் பிரெஸ்டன் கழகத்தின் டீப்டேல் திடலில் ஆடினார்கள். 1920 டிசம்பரில் லிவர்பூலில், எவர்டன் கழகத்தின் குடிசன் பார்க்கில், செயின்ட் ஹெலன்ஸ் பெண்கள் அணியோடு அவர்கள் ஆடியபோது 53,000 பேர் உள்ளே இருந்தார்கள், இடமில்லாமல் ஆயிரக்கணக்கானோர் வெளியே நின்றார்கள். அன்று 3,000 பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. கால்பந்து அவர்களுடைய தொழில் அல்ல. கழகப் பாரம்பரியமும் அவர்களுக்குக் கிடையாது. ஆனால் கூட்டம் வந்தது, நிதி சேர்ந்தது, நலிந்தவர்களுக்குப் போயிற்று. கால்பந்தின் காவலர்கள் என்ன செய்தார்கள்? 1921 டிசம்பர் 5ஆம் தேதி இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் கூடி, இந்த விளையாட்டு பெண்களுக்கு ஏற்றதல்ல என்றும், வசூலில் போதிய பங்கு அறக்காரியத்துக்குப் போகவில்லை என்றும் கூறி, தன் உறுப்புக் கழகங்களின் திடல்களை அவர்களுக்குத் தரக்கூடாது என்று தீர்மானித்தது. அந்தத் தடை நீங்க ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஆயின.

அந்த ஐம்பது ஆண்டுகளில் எத்தனை பெண்கள் ஆடாமலேயே முதுமை அடைந்தார்கள்! கழகங்கள் எத்தனை ரசிகைகளை இழந்தன! 2022 ஜூலை 31ஆம் தேதி வெம்பிளியில் ஐரோப்பிய நாடுகளின் பெண்கள் யூரோ கோப்பை இறுதி ஆட்டத்துக்கு 87,192 பேர் வந்தபோது, இந்தக் கூட்டம் 1920லேயே நம் வாசலில் நின்றதே என்று அந்த மண்ணில் வரலாறு தெரிந்த ஒவ்வொருவரும் வருந்தியிருப்பார்கள். யூடியூபர்களை அந்தத் தொழிலாளிப் பெண்களுக்குச் சமமாக வைக்கவில்லை. அந்தப் பெண்கள் பட்ட அவமதிப்பு இவர்களுக்கு இல்லை. நான் சொல்வது கழகங்களைப் பற்றி. வந்த கூட்டத்தை "இது நம் கூட்டம் அல்ல" என்று கதவடைத்து அனுப்பிய பிழையை ஒருமுறை செய்து, அரை நூற்றாண்டு விலை கொடுத்தாயிற்று. மறுபடியும் செய்ய வேண்டாம்.

சரி, வந்த கூட்டம் தங்குமா என்று எதிரணி கேட்கலாம். ஸ்பென்சர் ஓவன் என்ற யூடியூபர் 2016இல் 'ஹேஷ்டேக் யுனைடெட்' என்று நண்பர்களோடு காட்சி ஆட்டங்கள் ஆடத் தொடங்கினார். 2018இல் அந்த அணி இங்கிலாந்தின் பத்தாம் நிலை லீக்கில் முறைப்படி சேர்ந்தது. மேடு பள்ளமான சிறு திடல்களில் ஆடி, படிப்படியாக ஏறி, 2023இல் ஏழாம் நிலையை எட்டியது. பெண்கள் அணியும் வைத்திருக்கிறது. பாரம்பரியத்தை வேரறுக்க வந்தவர்கள் ஏன் அதன் அடிப்படியில் வரிசையில் நின்று ஏற வேண்டும்?

ஒன்றை மட்டும் எதிரணிக்கு ஒப்புக்கொள்கிறேன். விதிகளை மாற்றி, வணிகத்துக்காகத் தனி லீக் நடத்தும் முயற்சிகள் இப்போது பெருகுகின்றன. அவை கழகங்களின் இடத்தைப் பிடிக்க முனைந்தால் நானும் உங்கள் பக்கம் வந்து நிற்பேன். ஆனால் இன்றைய தலைப்பு, ஒரு நாள் ஆட்டமும் அதில் சேரும் அறக்கொடையும். அந்த ஒரு நாளுக்குப் பிறகு மறுவாரம் திடலைத் திறந்து வைக்க வேண்டியது கழகம். சார்ல்டன் ஐந்து பவுண்டுச் சீட்டு நாள்களை நடத்தியிருக்கிறது. அப்படிப்பட்ட ஒரு நாளில்தான் என் மகள் முதன்முதலில் உண்மையான லீக் ஆட்டத்தைப் பார்த்தாள். அன்று சார்ல்டன் தோற்றது. அவள் மறுபடியும் போக வேண்டும் என்றாள்.

2025 மே 25ஆம் தேதி, யூடியூபர்கள் ஆடி பதினொரு வாரங்கள் ஆன அதே வெம்பிளியில், மேல்பிரிவுக்குச் செல்வதற்கான இறுதி ஆட்டத்தில் சார்ல்டன் லெய்ட்டன் ஓரியண்ட்டை எதிர்கொண்டது. மெக்காலே கில்லெஸ்பி அடித்த ஒரே ஃப்ரீகிக் கோலால் சார்ல்டன் வென்றது. சிவப்புத் துண்டைக் கழுத்தில் சுற்றியிருந்த என் மகள் தொண்டை கட்டும்வரை கத்தினாள். கூட்டம் கலையத் தொடங்கியபோது களத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், என் பக்கம் திரும்பி, "1947இல பார்ட்ரம் எஃப்.ஏ. கோப்பை வாங்கினது இங்கதானே அப்பா?" என்று கேட்டாள். நான் அவளுக்கு அந்த ஆண்டைச் சொல்லிக் கொடுக்கவில்லை, நடுவர் அவர்களே. தீர்ப்பை உங்களிடம் விட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.