ஒரு "எ" போனால் மாடும் போச்சு! "தெரியாது" எண்டதை இங்கிலிஷ்காரர் சொல்லுற விசித்திரமான விதங்கள்

உங்கட மாடு காணாமல் போட்டுது. பொலிஸில முறைப்பாடு குடுத்திட்டு வந்திட்டியள். ஒரு கிழமை கழிச்சு இங்கிலிஷில ஒரு கடிதம் வருது. சிங்களத்தில வராமல் இங்கிலிஷில ஏன் வருது எண்டு கேக்காதேங்கோ, இது உதாரணம்.

கடிதத்தில "வீ ஹாவ் எ ஃபியூ குளூஸ்" எண்டு கிடந்தால், பிளேன்ரீ ஒண்டு ஊத்திக் குடிச்சிட்டு ஆறுதலா இருக்கலாம். மாடு வரச் சந்தர்ப்பம் இருக்கு. "வீ ஹாவ் ஃபியூ குளூஸ்" எண்டு கிடந்தால், புது மாட்டுக்குச் சீட்டுப் பிடிக்கத் தொடங்குங்கோ.

ரெண்டுக்கும் நடுவில உள்ள வித்தியாசம் ஒரே ஒரு "எ". அவ்வளவுதான்!

(திரையில்: ரெண்டு வசனமும் மேலயும் கீழயும். "எ" மட்டும் சிவப்பில்.)

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சியில இருந்து கதைக்கிறன். பின்னால கேக்கிற சத்தம் ஏ9 இல போற பஸ். ஒண்டும் செய்யேலாது, பொறுத்துக்கொள்ளுங்கோ.

"எ ஃபியூ" எண்டால் கொஞ்சம் இருக்கு. வெறும் "ஃபியூ" எண்டால் கொஞ்சந்தான் இருக்கு. கவனிச்சியளோ? நாங்கள் "தான்" ஒண்டைக் கூட்டிச் சொல்லுற துக்கத்தை அவங்கள் "எ" ஒண்டைக் கழிச்சுச் சொல்லுறாங்கள். கடைக்காரர் "அரிசி கொஞ்சம் இருக்கு" எண்டால் பையை நீட்டுவியள். "கொஞ்சந்தான் இருக்கு" எண்டால் அடுத்த கடைக்கு நடப்பியள். "எ லிற்றில்", "லிற்றில்" எண்ட சோடியும் இதே கணக்குத்தான். எண்ணக்கூடிய சாமானுக்கு ஃபியூ, எண்ணேலாததுக்கு லிற்றில். இலக்கணம் முடிஞ்சுது, ஓடாதேங்கோ. சுவையான பகுதி இனித்தான் வருது.

இந்த "குளூ" எண்டது என்ன சாமான்? துப்பு, தடயம் எண்டு அகராதி சொல்லும். சரிதான். ஆனால் முதல் முதல் இங்கிலிஷில "குளூ" எண்டால் நூல் பந்து. ஓம், அம்மம்மா மடியில வைச்சுச் சுத்துற நூல் பந்தேதான்!

நூல் பந்து எப்பிடித் துப்பாச்சுது? அதுக்கு கிரேக்கக் கதை ஒண்டு கேக்கோணும். கிறீட் எண்ட தீவு. அந்த ராசா ஒரு கட்டடம் கட்டி வைச்சிருக்கிறார், உள்ளுக்குப் போனால் வெளியால வாற வழி தெரியாது. அவ்வளவு வளைவு, அவ்வளவு சந்து. அதுக்குள்ள ஒரு பூதம், பேர் மினோட்டோர். தலை மாடு, உடம்பு மனுசன். (இண்டைக்கு முழுக்க மாடாத்தான் வருது, நான் திட்டம் போட்டுச் செய்யேல்ல.) ஏதென்ஸ் நகரத்தில இருந்து 7 பெடியளையும் 7 பெட்டையளையும் கொண்டுவந்து அந்தப் பூதத்துக்கு இரையா விடுவினம். அப்பிடி வந்த கூட்டத்தில ஒருத்தன் தீசியஸ். ராசாவின்ர மகள் அரியாட்னிக்கு அவனைப் பாத்த உடன மனசு போட்டுது. ஆரும் பாக்காத நேரம் ஒரு நூல் பந்தை அவன்ர கையில குடுக்கிறாள். நூலின்ர ஒரு நுனியை வாசலில கட்டிப்போட்டு, பந்தை உருட்டிக்கொண்டு உள்ள போறான். பூதத்தைக் கொல்லுறான். பிறகு அதே நூலைப் பிடிச்சுக்கொண்டு வெளியால வாறான்.

அதுக்குப் பிறகு அவன் அந்தப் பெட்டையை ஒரு தீவில விட்டிட்டுப் போன கதை வேற. அதைச் சொன்னால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். விடுவம்.

14ஆம் நூற்றாண்டில சோசர் எண்ட இங்கிலாந்துக் கவிஞர் இந்தக் கதையை எழுதேக்க, அந்த நூல் பந்துக்குப் பாவிச்ச சொல் இந்தக் குளூதான். நாள் போகப் போக, குழப்பத்துக்குள்ள இருந்து வழிகாட்டுற எதையும் குளூ எண்டு சொல்லத் தொடங்கிச்சினம். பிறகு துப்பறியும் கதைக்காரர் அதைத் தங்கட சொத்தாக்கிப் போட்டினம். நூல் எப்பவோ அறுந்துபோச்சு, சொல் மட்டும் நிண்டுட்டுது.

முதல் முதல் இதை வாசிக்கேக்க எனக்கு ஞாபகம் வந்தது கிறீட் இல்லை, எங்கட காட்டுக்கரைதான். மாரி முடிஞ்ச கையோட மாடு தேடிப் போற ஐயாமாரைப் பாத்திருப்பியள். ஒட்டுசுட்டான் பக்கமோ துணுக்காய் பக்கமோ போனால் இப்பவும் காணலாம். தலையை நிமித்தவே மாட்டினம். நிலத்தைத்தான் பாத்துக்கொண்டு போவினம். குளம்படிக்குள்ள தேங்கின தண்ணி கலங்கிக் கிடந்தால் மாடு இப்பத்தான் தாண்டிப் போயிருக்கு. தெளிஞ்சு கிடந்தால் போய்க் கனநேரம். சாணியைத் தடியால கிளறுவினம், மேல காய்ஞ்சு உள்ள ஈரமோ, உள்ளயும் காய்ஞ்சு போச்சோ எண்டு. ஒரு அடி பிடிபட்டால் அதில நிண்டு அடுத்த அடியைப் பாக்கிறது. அதில இருந்து அடுத்தது. பாலை மரத்துக்குக் கீழ சருகில அடி மறைஞ்சு போனால், அந்த இடத்தைச் சுத்தி ஒரு வட்டம் அடிச்சு, விட்ட இடத்துக்கு அங்காலயிருந்து திரும்பப் பிடிப்பினம். ஐயாட்டை நூல் இல்லை, ஆனால் அவர் செய்யிறது தீசியஸ் செய்த அதே வேலை. குளூ எண்டது சும்மா பொறுக்கி எடுக்கிற துண்டு இல்லை, பிடிச்சுக்கொண்டு போறது. இதை மனசில வைச்சால் மிச்சம் எல்லாம் லேசா விளங்கும்.

முல்லைத்தீவுக் கடற்கரை ஆக்களுக்கு ஒரு துண்டுச் செய்தி: பாய்க்கப்பலில பாயின்ர கீழ் மூலைக்கும் இங்கிலிஷில குளூ எண்டுதான் பேர். ஆனால் அதை எழுதேக்க சி, எல், ஈ, டபிள்யூ. நூல் பந்துக்கு இருந்த பழைய எழுத்துக்கூட்டு அதுதான், கடலில மட்டும் தப்பிப் பிழைச்சுக் கிடக்கு.

இன்னொண்டு சொல்லாட்டில் எனக்கு நித்திரை வராது. "குளூடோ" எண்டு ஒரு விளையாட்டு. 1949இல இங்கிலாந்தில விற்பனைக்கு வந்தது. பலகையில ஒரு மாளிகை, அதுக்குள்ள ஒரு கொலை, செய்தது ஆர் எண்டு கண்டுபிடிக்கோணும். இந்த விளையாட்டை உருவாக்கினவர் பேர்மிங்காமைச் சேர்ந்த அந்தனி பிராட். பேர் எப்பிடி வந்தது? குளூவையும் லூடோவையும் ஒட்டி எடுத்தது! எங்கட பெடியள் போனில நாள் முழுக்க உருட்டுற அதே லூடோ. அமெரிக்காவில லூடோ எண்ட பேர் அவ்வளவு எடுபடாது, அதால அங்க வெறும் "குளூ" எண்டு வித்தவை.

சரி, குளூ இருக்கிற கதை போதும். இல்லாத கதைக்கு வருவம். எனக்கு இதுதான் பிடிச்ச இடம்.

"எனக்குத் தெரியாது" எண்டு சொல்ல இங்கிலிஷ்காரர் என்னவெல்லாம் சொல்லுறாங்கள் எண்டு பாருங்கோ. "ஐ ஹவன்ற் எ குளூ", கையில ஒரு துப்பும் இல்லை. "ஐ ஹவன்ற் த ஃபெயின்ரெஸ்ற்", ஆக மங்கலான யோசனை கூட இல்லை. "ஐ ஹவன்ற் த ஃபொகியெஸ்ற்", அதிலயும் மோசம், பனிமூட்டத்துக்குள்ள தெரியிற மாதிரியான யோசனை கூட இல்லை.

(திரையில்: மார்கழி விடியப்புறம், மாங்குளம் தாண்டி ஏ9. முன்னுக்குப் போற லொறியின்ர சிவப்பு லைற் ரெண்டும் மட்டும் தெரியுது.)

இப்பிடித் தெரியிறதுதான் ஃபொகி. முன்னுக்கு ஏதோ போகுது, லொறியோ உழவு மெசினோ எண்டு சொல்லேலாது. "ஃபொகியெஸ்ற்" எண்டால் இதிலயும் ஆக மங்கல். அதுவும் இல்லையெண்டால் எவ்வளவு தெரியாது எண்டு யோசிச்சுப் பாருங்கோ! கடைசியில வரவேண்டிய "ஐடியா" எண்ட சொல்லையே விழுங்கிப் போடுறாங்கள். ஃபொகியெஸ்ற் என்ன எண்டு ஆரும் கேக்கிறதும் இல்லை.

இப்ப உங்களுக்கு ஒரு சோதனை. "எனக்குக் கொஞ்சம் மங்கலாத் தெரியும்" எண்டு சொல்ல, "ஐ ஹாவ் த ஃபொகியெஸ்ற்" எண்டு சொல்லலாமோ?

சொல்லவே ஏலாது. வெள்ளைக்காரன் முழிப்பான். இந்தச் சொல்லுகள் "இல்லை"யோட மட்டுந்தான் சீவிக்கும். "இல்லை"யை எடுத்தால் செத்துப்போம்.

இதென்ன விசர்ப் பாசை எண்டு யோசிக்காதேங்கோ. நாங்களும் அதைத்தான் செய்யிறம். "அந்த வீட்டில மருந்துக்கும் சீனி இல்லை" எண்டு சொல்லுவம். "மருந்துக்குச் சீனி இருக்கு" எண்டு ஆரும் சொல்லி நான் கேக்கேல்ல. கணக்குப் பாடத்தில நிண்டுகொண்டு "ஒரு மண்ணும் விளங்கேல்ல" எண்டுறம். விளங்கினால் "ஒரு மண் விளங்கிச்சுது" எண்டு சொல்லுவமோ? "ஒரு கோதாரியும் விளங்கேல்ல" எண்டுறம். கோதாரி எண்டது பழைய ஆக்கள் கொள்ளை நோய்க்குச் சொன்ன பேர். ஓ எல் கணக்கு விளங்காததுக்குக் கொள்ளை நோயை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறம்! இங்கிலிஷ்காரன் தெரியாது எண்டதை மெல்ல மெல்ல மங்கலாக்கிச் சொல்லுறான். நாங்கள் மண்ணை அள்ளுறம், நோயைக் கூப்பிடுறம், சனியனைக் கூப்பிடுறம். ஆருக்குக் கோவம் கூட எண்டு நீங்களே தீர்மானியுங்கோ. என்ர வாக்கு எங்களுக்குத்தான்.

"இங்க்ளிங்" எண்டும் ஒண்டு இருக்கு. "ஐ ஹாட் நோ இங்க்ளிங்". பேனையில விடுற இங்க் இல்லை, அதோட ஒரு சொந்தமும் கிடையாது. பழைய இங்கிலிஷில மெல்லக் காதுக்குள்ள சொல்லுறது எண்ட ஒரு வினைச்சொல்லில இருந்து வந்தது. எங்கட "காத்துவாக்கில கேள்விப்பட்டது" இருக்கெல்லோ, அதின்ர தம்பி. அவளுக்குக் கலியாணம் சரிவந்தது எனக்குக் காத்துவாக்கிலயும் வரேல்ல எண்டு சொல்ல வேணுமெண்டால் இதுதான் சொல்.

"பீற்ஸ் மீ", "யுவர் கெஸ் இஸ் அஸ் குட் அஸ் மைன்" எண்டெல்லாம் கிடக்கு, அதெல்லாம் லேசு. "சேர்ச் மீ" எண்டு ஒண்டு, என்னைச் சோதிச்சுப் பார், பதில் என்னட்டை இல்லை எண்டு பகிடியாச் சொல்லுறது. போர்க்காலத்தில ஓமந்தைச் சோதனைச் சாவடியில பையைத் திறந்து வைச்சுக்கொண்டு வரிசையில நிண்ட சனத்துக்கு இந்தப் பகிடியில சிரிப்பு வராது. அமெரிக்காக்காரருக்கு வரும்.

இனிக் கவனமாக் கேக்கவேண்டிய இடம். "ஐ ஹவன்ற் எ குளூ" எண்டு உங்களைப் பற்றி நீங்களே சொன்னால் பிரச்சினை இல்லை. மற்றவரைப் பாத்து "யூ ஆர் குளூலெஸ்" எண்டால் அது ஏச்சு. ரெண்டாம் உலகப் போர்க் காலத்தில பிரிட்டிஷ் விமானப்படைப் பெடியள் மக்கனுகளைச் சொல்லப் பாவிச்சுப் பாவிச்சுப் பரவின ஏச்சு. துப்பு இல்லாதவன் எண்டதில இருந்து ஒண்டுக்கும் உதவாதவன் எண்ட இடத்துக்குப் போட்டுது.

அட, அது எங்கட சொல்லிலயும் அப்பிடியே கிடக்கு! "துப்புக் கெட்டவன்" எண்டு ஏசுறமே. அந்தத் துப்பு பொலிஸ் தேடுற துப்பு இல்லை. பழந்தமிழில துப்பு எண்டால் வலிமை. "கேக்கத் துப்பில்லை" எண்டால் கேக்கிற வல்லமை இல்லை எண்டு அர்த்தம். இங்கிலிஷில தகவல் இல்லாதவன் கடைசியில ஏலாதவன் ஆனான். தமிழில வல்லமையும் தகவலும் ஒரே சொல்லுக்குள்ள குடியிருக்கு. இதைக் கண்டுபிடிச்ச அண்டு இரவு நான் வீட்டில எல்லாரையும் எழுப்பிச் சொன்னனான். ஒருத்தரும் மதிக்கேல்ல. நீங்களாவது ஒரு லைக் போடுங்கோ.

நிறுவன வேலைக்கு நேர்முகத்துக்குப் போற தங்கச்சிமார், தம்பிமாருக்கு ஒரு சொல். கேள்விக்குப் பதில் தெரியேல்ல எண்டால் அங்க குளூவையும் ஃபொகியெஸ்ற்றையும் தூக்காதேங்கோ. அதெல்லாம் தேத்தண்ணிக் கடைச் சாமான். "ஐ ஆம் நொற் ஷுவர், பட் ஐ கான் ஃபைன்ட் அவுற்" எண்டு சொல்லுங்கோ. தெரியாது எண்டதும் சொல்லியாச்சு, தேடிப் பிடிப்பன் எண்டதும் சொல்லியாச்சு. வேலை கிடைச்ச பிறகு சிநேகிதரோட இருந்து "ஐ ஹவன்ற் த ஃபொகியெஸ்ற்" எண்டு வாய் நிறையச் சொல்லுங்கோ. சொல்ல நல்லாத்தான் இருக்கும். ஒண்டு மட்டும்: "ஹவன்ற் எ குளூ" பிரிட்டிஷ் பழக்கம், அமெரிக்காக்காரர் "டோன்ற் ஹாவ் எ குளூ" எண்டுவினம். ரெண்டும் சரி.

கீழ கொமென்ற்ஸில எழுதுங்கோ: உங்கட ஊரில ஒண்டும் விளங்காட்டில் என்ன சொல்லுவியள்? கோதாரியும் மண்ணும் என்னட்டை இருக்கு. மன்னார்ப் பக்கம் என்ன, மட்டக்களப்புப் பக்கம் என்ன, மலையகத்தில என்ன? கெட்ட வார்த்தையெண்டால் ஒரு எழுத்தை விட்டிட்டு எழுதுங்கோ, யூரியூப்காரர் என்ர வீடியோவைத் தூக்கிப் போடுவினம்.