ஆவி அடங்கும் வரை மூடியைத் திறக்காதீர்கள்

வணக்கம்.

என்ன தலைப்பில் பேசுகிறீர்கள் என்று வானொலி நிலையத்திலிருந்து தொலைபேசியில் கேட்டார்கள். "வாஃபிள்" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "சார், சாப்பிடுகிற வாஃபிளா?" என்று கேட்டார் அந்தப் பெண். ஆமாம், அதேதான். கட்டம் கட்டமாக, தேனடை மாதிரி இருக்குமே, அது. கடையில் வாங்கித் தின்பதைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றுமில்லை. வீட்டில், காலையில், இன்னொருவர் எழுந்திருப்பதற்குள் அவருக்காகச் சத்தம் போடாமல் செய்து வைக்கிற வாஃபிளைப் பற்றித்தான் பேசப்போகிறேன். எனக்குக் கொடுத்திருப்பது பன்னிரண்டு நிமிடம். ஒரு வாஃபிள் வேக நாலைந்து நிமிடம் ஆகும். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நேயர்கள் எல்லாவற்றையும் மறந்துவிட்டாலும் ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருங்கள், போதும். ஆவி அடங்கும் வரை மூடியைத் திறக்காதீர்கள். தமிழில் ஆவி அடங்குவதற்கு வேறு ஒரு அர்த்தமும் உண்டு, தெரியும். இங்கே நான் சொல்வது வாஃபிள் மேக்கரின், அதாவது வாஃபிள் சுடுகிற மூடி போட்ட மின்கருவியின், ஓரத்திலிருந்து வருகிற ஆவி.

இதை நான் கற்றுக்கொண்ட கதையைச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் கல்யாணத்துக்கு வந்த பரிசுகளில் ஒன்று வாஃபிள் மேக்கர். யார் கொடுத்தது என்பது இன்று வரை தெரியாது. ஒன்பது வருடம் பெட்டி பிரிக்காமல் பரண் மேல் இருந்தது. ஒன்பதாவது திருமண நாளுக்கு என்ன செய்யலாம் என்று யோசித்தபோது அதன் ஞாபகம் வந்தது. முந்தின நாள் ராத்திரி மனைவி தூங்கின பிறகு ஸ்டூல் போட்டு ஏறி இறக்கினேன். விடியற்காலை ஐந்தரை மணிக்கு எழுந்தேன். மாவைக் கரைத்தேன். கட்டி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று பத்து நிமிடம் விடாமல் அடித்தேன். பிளக்கைச் சொருகினேன், உடனே மாவை ஊற்றினேன். அதுவும் எப்படி? விளிம்பு வரை தளும்பத் தளும்ப. எண்ணெய் தடவவில்லை. மூடினேன். இரண்டு நிமிடம் பொறுத்தேன். எப்படி வந்திருக்கிறது பார்ப்போம் என்று மூடியைத் தூக்கினேன்.

மேல் பாதி மூடியோடு போய்விட்டது. கீழ்ப் பாதி கீழேயே இருந்தது. நடுவில் மாவு பாலாடைக்கட்டி மாதிரி நூல் நூலாக இழுத்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? மறுபடி மூடினேன். இரண்டும் ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு நம்பிக்கை! அழுத்தி வேறு மூடினேன். ஓரத்தில் பிதுங்கின மாவு மேடை மேல் வழிந்து, அங்கிருந்து இழுப்பறைக் கைப்பிடி வழியாகச் சொட்டுச் சொட்டாகக் கரண்டிகளுக்கு நடுவே இறங்கிக்கொண்டிருந்தது. நான் ஒரு முள்கரண்டியை வைத்துச் சுரண்ட ஆரம்பித்தேன். உலோகத்தில் உலோகம் உரசினால் எப்படி இருக்கும்? தூங்குகிறவர்களை எழுப்ப அதைவிடச் சிறந்த வழி கிடையாது.

அவள் கதவோரம் வந்து நின்றாள். "ஏங்க, காலங்காத்தால யார்கூட சண்டை போடுறீங்க?" என்றாள். நான் திரும்பாமலே "நீ போய்ப் படு, இன்னும் அஞ்சு நிமிஷம்" என்றேன். அவள் போகவில்லை. பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தாள். பிளக்கைப் பிடுங்கினாள். சூடு ஆறட்டும் என்றாள். பிறகு இரண்டு பல்குத்தும் குச்சிகளை எடுத்து எனக்கு ஒன்று கொடுத்தாள். இருவரும் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டமாக நோண்டினோம். மேலே பத்து வரிசை, கீழே பத்து வரிசை. கருகின ஓரத்தை ஒரு துண்டு வாயில் போட்டுவிட்டு, "இது நல்லாத்தான் இருக்கு" என்றாள். பாதி பொய். ஆனால் அந்த முக்கால் மணி நேரம் நாங்கள் பேசியதுபோல் அதற்கு முந்தின மாதம் முழுக்கப் பேசவில்லை.

அதற்குப் பிறகு ஏறக்குறைய எல்லா ஞாயிற்றுக்கிழமையும் எங்கள் வீட்டில் வாஃபிள்தான். அப்போது நான் செய்த தப்பு ஒவ்வொன்றுக்கும் காரணம் தேடினேன். அந்தக் காரணங்கள்தான் இந்த உரை.

முதல் காரணம் ஆவி. மாவில் பாதிக்குக் கிட்டத்தட்ட ஈரம்தான். தண்ணீர் 100 டிகிரியில் ஆவியாகும்போது 1,600 மடங்குக்கு மேல் விரிகிறது. அதுதான் மாவை உள்ளிருந்து உப்ப வைக்கிறது. மேல்பரப்பில் ஈரம் இருக்கும் வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. ஈரம் போய் 140 டிகிரி வாக்கில் வந்தால்தான் அந்தப் பொன்னிறமும் வாசனையும் பிறக்கும். 1912-இல் லூயி கமீய் மையார் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி விளக்கிய வினை அது. இறைச்சி வறுபடுவதும் ரொட்டி சிவப்பதும் அதே வினைதான். ஓரத்திலிருந்து ஆவி புசுபுசுவென்று வருகிறது என்றால் உள்ளே இன்னும் ஈரம், நடுப்பகுதி இன்னும் கெட்டிப்படவில்லை. அப்போது மூடியைத் தூக்கினால் மாவுக்குப் பிளப்பதைத் தவிர வேறு வழியில்லை. இப்போது நான் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துப் பிரித்துக் காட்டிக்கொண்டிருக்கிறேன். உங்களுக்குத் தெரியாது, பரவாயில்லை.

இயந்திரத்தில் பச்சை விளக்கு ஒன்று எரியுமே, அதை நம்பாதீர்கள். தட்டு சூடாகிவிட்டது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். வாஃபிள் வெந்ததா என்று தெரியாது. விளக்கைப் பார்க்காமல் ஓரத்தைப் பாருங்கள். ஆவி மெலிந்து, நூலாகி, நின்றுபோகும். அதற்குப் பிறகு இன்னும் அரை நிமிடம் விடுங்கள். மூடியை மெல்லத் தூக்கிப் பாருங்கள். லேசாகப் பிடித்தால் விட்டுவிடுங்கள், வெந்துவிட்டால் தானாகவே விடும்.

இரண்டாவது, அடித்தல். மைதாவில் தண்ணீர் பட்டு அதைப் போட்டு அடித்தால் குளுட்டன் என்ற புரதம் வலுத்து வாஃபிள் ரப்பர் மாதிரி ஆகும். பத்து நிமிடம் அடித்தேன் என்றேனே, அது பாவம். பத்துப் பன்னிரண்டு முறை கரண்டியைச் சுழற்றினால் போதும். சின்னச் சின்னக் கட்டி இருக்கட்டும், வேகும்போது காணாமல் போய்விடும்.

இருவருக்கான அளவைச் சொல்கிறேன், எழுதிக்கொள்கிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள். மைதா ஒரு கப், அதாவது 125 கிராம். கார்ன்ஃப்ளார் என்கிற சோளமாவு இரண்டு மேசைக்கரண்டி, மொறுமொறுப்புக்கு. பேக்கிங் பவுடர் இரண்டு தேக்கரண்டி. சர்க்கரை ஒரே ஒரு மேசைக்கரண்டி. கூடப் போட்டால் சீக்கிரம் கருகும், ஒட்டவும் செய்யும், இனிப்பு மேலே ஊற்றுவதில் இருக்கட்டும். உப்பு கால் தேக்கரண்டி. ஒரு முட்டை, முக்கால் கப் பால், உருக்கி ஆறவைத்த வெண்ணெய் 60 கிராம். 60 கிராமா என்று பயப்படாதீர்கள். அந்த வெண்ணெய்தான் வெளிப்புறத்தை மொறுமொறுப்பாக்குகிறது. அதைக் குறைத்தால் வாஃபிள் அச்சில் வார்த்த ரொட்டியாகிவிடும்.

முட்டையின் வெள்ளைக்கருவைத் தனியாக நுரைக்க அடித்துக் கடைசியில் மடித்துச் சேர்த்தால் பஞ்சு மாதிரி வரும். உண்மைதான். ஆனால் விடியற்காலையில் மின்சார பீட்டரைப் போட்டீர்கள் என்றால் ரகசியம் போச்சு. கையால் அடியுங்கள், அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு. கை வலிக்கும். காதலுக்காக இதுகூடவா முடியாது?

அதைவிட எனக்குப் பிடித்தது ஈஸ்ட் வழி. முந்தின ராத்திரி மைதா, வெதுவெதுப்பான பால், வெண்ணெய், உப்பு, சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உலர் ஈஸ்ட் எல்லாவற்றையும் கலந்து பெரிய பாத்திரத்தில் மூடி வைத்துவிடலாம். பெரியது என்று சொன்னதைக் கவனியுங்கள், பொங்கும். அறை சூடாக இருந்தால் குளிர்பெட்டியில் வையுங்கள். காலையில் முட்டையும் ஒரு சிட்டிகை சமையல் சோடாவும் கலந்தால் முடிந்தது. பீட்டர் சத்தம் இல்லை, கிண்ணம் இடிபடும் சத்தம் இல்லை. மூடியைத் திறந்தவுடன் ஒரு புளிப்பு வாசனை வரும் பாருங்கள், அது வீடு முழுக்கப் பரவும். நான் எத்தனை மெதுவாக நடந்தாலும் அந்த வாசனைதான் காட்டிக்கொடுக்கும்.

அப்புறம், இயந்திரத்தை ஐந்து நிமிடமாவது காய விடுங்கள். தூரிகையால் எண்ணெய் தடவுங்கள். வெண்ணெய் வேண்டாம், அதில் இருக்கும் பால்சத்து கருகும். தெளிப்பான் டப்பாவில் வருவதும் வேண்டாம், நாளடைவில் பிசின் மாதிரிப் படியும். முக்கால் அச்சு நிறையும் வரை மட்டும் மாவு ஊற்றுங்கள், மீதியை அதுவே நிரப்பிக்கொள்ளும்.

ஒட்டிக்கொண்டதற்காக யாரும் வருத்தப்பட வேண்டாம் என்பதற்கு இன்னொரு கதை சொல்ல வேண்டும். நேரம் இருக்கிறதா? இருக்கிறது என்கிறார்கள்.

அமெரிக்காவில் ஒரிகன் பல்கலைக்கழகத்தில் பில் பவர்மேன் என்று ஓட்டப் பயிற்சியாளர் ஒருவர் இருந்தார். நைக்கி நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர். எடை குறைவாக, தரையை நன்றாகப் பற்றுகிற காலணி அடிப்பாகம் வேண்டும் என்று அலைந்துகொண்டிருந்தார். 1971-இல் ஒரு நாள் காலை உணவு நேரத்தில் மனைவி பார்பரா வைத்திருந்த வாஃபிள் அச்சைப் பார்த்தார். அந்தக் கட்டங்களைத் திருப்பிப் போட்டால் அடிப்பாகம் ஆகாதா என்று தோன்றியது. யூரித்தேன் என்ற பிளாஸ்டிக் திரவத்தை அதில் ஊற்றினார். ஒட்டாமல் இருக்க ஒன்றும் தடவவில்லை! என்னைப் போலவேதான். அச்சு ஒரேயடியாக ஒட்டிக்கொண்டது. அந்த அச்சு 1936-இல் அவர்கள் கல்யாணத்துக்கு வந்த பரிசு. கெட்டுப்போனதைக் குப்பைக் குழியில் போட்டுவிட்டார்கள். பல பத்தாண்டு கழித்து 2010-இல் துருப்பிடித்த நிலையில் அது மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தது. இன்று அது அரும்பொருள். அந்தக் கட்டங்கள் போட்ட காலணி 1970-களில் விற்பனைக்கு வந்து நைக்கிக்குப் பெரும் பெயர் வாங்கித் தந்தது. இதை என் மனைவியிடம் சொன்னபோது, "அவர் செருப்பாவது செஞ்சார்" என்றாள்.

கல்யாணப் பரிசு என்றதும் ஞாபகம் வருகிறது. பழைய ஐரோப்பாவில் நீண்ட கைப்பிடி வைத்த இரும்பு அச்சுகள் இருந்தன. இத்தாலியில் கல்யாணத்துக்காகவே குடும்பச் சின்னத்தையும் பெயரையும் பொறித்துச் செய்தவை உண்டு. அந்தக் கைப்பிடியைப் பிடித்து நெருப்பின் மேல் திருப்பித் திருப்பிப் போட வேண்டும். 1869-இல் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த கொர்னேலியஸ் ஸ்வார்ட்வவுட், அடுப்பின் மேல் வைத்தே திருப்பக்கூடிய அச்சுக்குக் காப்புரிமை வாங்கினார். நார்வேக்காரர்கள் அச்சில் ஐந்து இதயங்கள் வட்டமாக இருக்கும், எல்லா நுனியும் நடுவில் சேரும். பிய்த்தால் ஆளுக்கு ஒரு இதயம். மெல்லியது, மிருதுவானது, மொறுமொறுப்பு இருக்காது. உங்கள் துணைக்கு மிருது பிடிக்குமானால் நான் இவ்வளவு நேரம் சொன்னதில் பாதி வீண்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடம். பரிமாறுவதுதான் நான் விரிவாகச் சொல்ல நினைத்த பகுதி. சரி, ஓட்டமாகச் சொல்கிறேன்.

வெந்ததைத் தட்டில் அடுக்காதீர்கள், கீழே ஆவி தங்கி ஊறிப்போகும். கம்பி வலையில் வையுங்கள். வலை இல்லையா, இரண்டை ஒன்றின் மேல் ஒன்று சாய்த்துக் கூரை மாதிரி நிறுத்துங்கள். ஓவன் இருந்தால் 95 டிகிரியில் வலை மேலேயே வைக்கலாம். மேலே தேன், மேப்பிள் சிரப், பழம், கொஞ்சம் உப்பு வெண்ணெய், எது பிடிக்குமோ அது. பழத்தைக் கடைசி நிமிடத்தில் வெட்டுங்கள், சாறு இறங்கினால் மொறுமொறுப்பு போய்விடும். சிரப்பைச் சின்னக் கிண்ணத்தில் தனியாக வைத்து வெதுவெதுப்பாக்குங்கள், சில்லென்று ஊற்றினால் வாஃபிளும் சில்லென்று ஆகும்.

பெரிய சிக்கல் ஒன்று உண்டு. ஒரு இயந்திரத்தில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் வேகும். ஒருவர் சாப்பிடும்போது மற்றவர் நின்றுகொண்டிருப்பார். மேசை விரித்து, பூ வைத்து, இரண்டு தட்டில் ஒரே நேரத்தில் என்று ஆசைப்பட்டு நானும் பல வாரம் தோற்றேன். இப்போது மேசையே கிடையாது. மேடை அருகே இருவரும் நிற்கிறோம். முதல் வாஃபிள் வந்ததும் கட்டத்தின் கோட்டோடு பாதியாக ஒடித்துக்கொள்கிறோம். அதைத் தின்று முடிப்பதற்குள் அடுத்தது தயார். நடுவில் நான் மூடியைத் தொட்டால், "ஆவி நின்னுச்சா?" என்று கேட்பாள்.

ஒரு விரல் காட்டுகிறார்கள். சுத்தம் செய்ய, பிளக்கைப் பிடுங்கிவிட்டு இளஞ்சூட்டில் ஈரத்துணியை மடித்து உள்ளே வைத்து மூடுங்கள், பத்து நிமிடத்தில் ஊறி வந்துவிடும். பல்குத்தும் குச்சி... சரி, முடிக்கச் சொல்கிறார்கள். இழுப்பறையை மட்டும் முதலிலேயே சாத்தி வையுங்கள். வணக்கம்.